ஹஜ்ஜா இக்பால் இழுத்துப் பார்த்த கம்பி

மெக்கா போய்வந்த ஹஜ்ஜா இக்பால் அம்மாளுக்கு எதையும் ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நாற்காலி வாங்கினால் அதன் காலை இழுத்துப் பார்ப்பார். கோழி வாங்கினால் இறக்கையை. மகள் நஜ்லாவைப் பெண் கேட்டு ஷவ்கி வந்த அன்று, கை குலுக்குகிற சாக்கில் அவன் கையையும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உள்ளே திரும்பி ஷர்பத் கொண்டுவரச் சொன்னார். கை கழன்று வரவில்லை. அதனால் நிச்சயமாயிற்று.

நிச்சயமாகி நாலு வருடம் ஆகிவிட்டது. கெய்ரோவில் மாப்பிள்ளையிடம் மனசு இருந்தால் மட்டும் போதாது, வீடும் இருக்க வேண்டும். ஷவ்கி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். விளிம்பே இல்லாத கண்ணாடி செய்வதில் அவனுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் விளிம்பில்லாக் கண்ணாடியில் யாரும் குடியிருக்க முடியாது என்பதால், பாலைவன ஓரத்தில் எழும்பிய விடியல் நகரத்தில் ஒரு வீட்டுக்குக் குடியிருப்புக் கழகத்திடம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். கடைசியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்து, தனியாகக் குடிபோனான். வியாழக்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பெண் வீட்டார் கட்டில், பீரோ, மெத்தை, பாத்திரம் எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவந்து இறக்கி, வீட்டை அலங்கரிப்பார்கள். ஊரே வந்து பார்க்கும்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஹஜ்ஜா முன்னோட்டம் பார்க்க வந்தார். ஜன்னலை இழுத்தார். சமையலறைக் குழாயை இழுத்தார். படுக்கையறைக் கதவின் கைப்பிடி கையோடு வந்தது. அதை ஒன்றும் சொல்லாமல் ஷவ்கியின் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனார். அங்கே ஒரு மூலையில் ஷவர் இருந்தது. அதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. திறந்துவிட்டால் தண்ணீர் நேராக நடைக்கு வந்து, அங்கிருந்து வரவேற்பறைக்குப் போய் விருந்தாளிகளை விசாரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை வீட்டு ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் ஹஜ்ஜா. மழை நாளில் அந்த எலும்பு இன்னும் பேசும்.

"மாப்ளே, இங்க ஒரு திரை வேணும்."

"போட்டுடலாம் மாமி."

"பேருக்குப் போடற திரை இல்ல. என் பொண்ணு வழுக்கினா பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி கம்பி வேணும். செவ்வாய்க்கிழமை வந்து நான் இழுத்துப் பாப்பேன். கையோட வந்துச்சுன்னா லாரியில இருந்து பீரோ இறங்காது. பொண்ணும் இறங்க மாட்டா."

படியிறங்கும்போது நஜ்லா ஷவ்கியின் காதருகே வந்தாள். "அம்மா சும்மா மிரட்டறாங்கன்னு நினைச்சுடாத. எங்க அண்ணன் கல்யாணத்துல பந்தல் காலையே இழுத்துப் பாத்தவங்க."

"என்ன ஆச்சு?"

"வேற மண்டபத்துல கல்யாணம் நடந்துச்சு."

அன்று சாயங்காலமே ஷவ்கி ஒரு கம்பியும் நீலத் திரையும் வாங்கி, நண்பனிடம் டிரில் மெஷின் இரவல் கேட்டு வந்தான். கம்பியின் ஒரு முனை வெளிப்பக்கத் தூணில் சேர வேண்டும். அது கான்கிரீட். முனகிக்கொண்டே துளை வாங்கி, திருகாணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறுமுனை பக்கத்து வீட்டுக்கும் இவனுக்கும் பொதுவான சுவரில் சேர வேண்டும். அங்கே டிரில்லை வைத்தான். முனகல் எதுவும் இல்லை. மெஷின், கை, முழங்கை எல்லாம் சேர்ந்து முன்னால் போய்விட்டன. பிளாஸ்டிக் பிளக்கைத் துளையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். அது சுவருக்குள் விழுந்து, டொக் டொக் என்று உருண்டு, கீழே எங்கோ போயிற்று.

சுவர் பேசியது.

"உஸ்தாத் ஷவ்கி! உங்க டிரில் இப்போ என் சோப்புப் பெட்டியில நிக்குது. தயவுசெய்து வந்த வழியே திரும்பிப் போங்க."

பக்கத்து வீட்டு ஸக்கியின் குரல் அது. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் ரயில் வருவதையும் வராததையும் அறிவித்துவிட்டு ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். அவரும் ஷவ்கியும் நேரில் சந்தித்துக்கொண்டதைவிடச் சுவர் வழியாகப் பேசிக்கொண்டதுதான் அதிகம். தீப்பெட்டி இருக்கிறதா, மின்சாரம் உங்களுக்கும் போய்விட்டதா, நேற்றுக் கனவில் ஏன் கத்தினீர்கள் என்பது வரைக்கும் குரலை உயர்த்தாமலே கேட்டுக்கொள்வார்கள்.

"மன்னிச்சுக்குங்க ஸக்கி ஐயா. சுவர் உள்ள காலியா இருக்கு."

"அது எனக்குத் தெரியும். நீங்க வெங்காயம் உரிச்சா எனக்குக் கண்ணு எரியுது."

டிரில் சத்தம் கேட்டு வாசல் காவலாளி மேலே வந்தான். கழகத்தின் சுவரில் கழகத்தின் அனுமதி இல்லாமல் துளை போடக் கூடாது என்றான். அனுமதி வாங்கிக்கொள்கிறேன் என்று ஷவ்கி சொன்னதும், அவன் முகத்தில் பெரிய இரக்கம் வந்தது. டிரில்லை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனான்.

குடியிருப்புக் கழகத்தின் தலைமை அலுவலகம் விடியல் நகரத்தின் நடுவில் இருந்தது. குடியிருப்புகளைக் கட்டிய அதே ஒப்பந்தக்காரர் கட்டியது. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கழகத் தலைவர் ராஃபத் பேயின் பெரிய படம், பொன்னிறச் சட்டம் போட்டது. அதன் இரு பக்கத்திலும் பத்து விரல் தெரிந்தது. படத்துக்குக் கீழே சீருடைக் கால்சட்டை போட்ட இரண்டு கால் தெரிந்தது.

ஷவ்கி தயங்கி நின்று, "படத்தை இன்னும் மாட்டலையா?" என்று கேட்டான்.

"மாட்டியாச்சே" என்றது படத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "நான்தான் மாட்டியிருக்கேன். காலையில எட்டு மணியில இருந்து."

அவர் பெயர் ஷஹாத்தா. கழகம் அந்தப் பதவியை முறைப்படி உண்டாக்கியிருந்தது. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மாற்று ஆள் உண்டு. ஆண்டு விடுப்பு உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் படத்துக்கு வணக்கம் சொல்வதால் அவர் மனம் விட்டுப் போகவில்லை.

சுவர்ப் பிரிவின் தலைவர் இன்ஜினியர் மம்தூஹ் ஷவ்கியை உட்காரச் சொன்னார். ஏலக்காய் போட்ட காபி தனக்கு மட்டும் வரவழைத்தார். நடந்ததை முழுவதும் கேட்டார்.

"உஸ்தாத், நம்ம கழகத்தோட சுவர் காலியா இருக்காது. வரைபடத்துல இருபத்தஞ்சு சென்டிமீட்டர் கெட்டின்னு போட்டிருக்கு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் கையெழுத்துப் போட்ட ஒண்ணு எப்படிக் காலியா இருக்கும்?"

"சார், டிரில் விட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

"டிரில் விடறதுக்கு முன்னாடி உள்ள காலியா இருந்ததைப் பாத்தீங்களா?"

"இல்ல. முன்னாடி எப்படிப் பாக்கறது?"

"விட்ட பிறகு?"

"காலியா இருந்துச்சு."

"ரெண்டுக்கும் நடுவுல அந்தச் சுவர்கிட்ட யாரு இருந்தா?"

ஷவ்கி யோசித்தான். "நான்தான் இருந்தேன்."

இன்ஜினியர் மம்தூஹ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு திருப்தி பரவியது. "அப்ப சொல்லுங்க. உள்ள இருந்ததை எங்க வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"சுவரோட உட்பொருளை."

இருந்தாலும் ஷவ்கி வந்த காரியத்தை விடவில்லை. காலிச் சுவருக்கென்றே ஒரு போல்ட் இருக்கிறதாம், உள்ளே போனதும் சிறகு விரித்துப் பிடித்துக்கொள்ளுமாம், அதையாவது போட அனுமதி கொடுங்கள் என்று கேட்டான். இன்ஜினியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பேச்சே இங்க எடுக்காதீங்க. சிறகு போல்ட்டை விடியல் நகரத்துக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு தடை இருக்கு. அதைக் கெட்டிச் சுவர்ல போடறது சுவரை அவமானப்படுத்தற மாதிரி. சுவர் நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அது சுவர்தானே சார்."

"அப்படி நினைச்சுத்தான் நீங்க உள்ள இருக்கறதைத் திருடியிருக்கீங்க."

இரண்டு நாள் கழித்துக் குழு வந்தது. இன்ஜினியர் மம்தூஹும் அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்களும். காணாமல் போன உட்பொருளைத் தேடிக் கட்டில் இல்லாத படுக்கையறையிலும் அலமாரி இல்லாத சமையலறையிலும் பார்த்தார்கள். அரிசிப் பையை அமுக்கிப் பார்த்தார்கள். ஷவ்கி புதினாப் போட்டுத் தேநீர் கொடுத்தான். சர்க்கரை போதவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு குளியலறைக்குள் போய், இன்ஜினியர் தன் மோதிரத்தால் சுவரைத் தட்டினார். அது தம்பட்டம் மாதிரி ஒலித்தது.

"கேட்டீங்களா? கெட்டியான சத்தம்" என்றார் இன்ஜினியர்.

"ரொம்பக் கெட்டி" என்றார் வலப்பக்க உறுப்பினர்.

"இவ்வளவு கெட்டியா நான் கேட்டதே இல்ல" என்றார் இடப்பக்க உறுப்பினர்.

அப்போது சுவர் இருமியது.

மூவரும் ஒரு அடி பின்னால் வந்தார்கள்.

"யாரு அது?"

"பக்கத்து வீட்டு ஸக்கி ஐயா சார்."

"உஸ்தாத், எங்களை முட்டாள்னு நினைச்சீங்களா? இருபத்தஞ்சு சென்டிமீட்டர் கெட்டிச் சுவரைத் தாண்டி இருமல் வராது. அதை நாங்க ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்கோம். அதனால அந்த ஆள் பக்கத்து வீட்ல இல்ல."

"நான் பக்கத்து வீட்லதான் இருக்கேன்!" என்றார் ஸக்கி, நடைமேடை மாறிவிட்டது என்று அறிவிக்கிற குரலில்.

"பாத்தீங்களா" என்று இன்ஜினியர் மற்ற இருவரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னார். "உள்ள இருந்துக்கிட்டே மறுக்கறான்."

"சார், ஒரு நிமிஷம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா நீங்களே பாக்கலாமே."

"எதுக்குத் தட்டணும்? சந்தேகம் இருக்கறவன் தட்டுவான். எங்களுக்குச் சந்தேகமே இல்லையே." இன்ஜினியர் ஷவ்கியின் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் துக்க வீட்டுக்கு வந்தவர்களின் கனிவு இருந்தது. "உட்பொருளை எடுத்துட்டு, அந்த இடத்தை வேற ஒருத்தருக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கீங்க. கழக வீட்டை உள்வாடகைக்கு விட்டா வீட்டைத் திருப்பி எடுத்துக்குவோம். தெரியுமில்ல?"

அவர்கள் போன பின்பு ஷவ்கி குளியலறைத் தரையில் உட்கார்ந்தான். கைபேசியில் நஜ்லா.

"நாலு வருஷம் காத்திருந்தோம் ஷவ்கி. இப்ப நமக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல நிக்கறது ஒரு ஆணியா?"

"ஆணி நின்னா பரவாயில்லயே. அது நிக்க மாட்டேங்குது, அதுதான் பிரச்சனை."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வீடு போயிடுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"திரையே இல்லாம, வீடே இல்லாம, உன்னையக் கட்டிக்கறதுக்கு நான் தயார்தான். ஆனா அம்மா இழுக்கறதுக்கு எதாவது ஒண்ணு வேணுமே."

"கவலைப்படாதீங்க மகளே" என்றார் ஸக்கி சுவருக்கு அப்பாலிருந்து. "நான் இந்த வீட்லதான் இருக்கேன்னு நீதிமன்றத்துல வந்து சொல்வேன்."

"ஐயோ, இவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காரா?" என்றாள் நஜ்லா.

"நீங்க பேசறது மட்டும் சரியா கேக்கல மகளே. கொஞ்சம் சத்தமா பேசினீங்கன்னா நல்லது."

விஷயம் விடியல் நகரம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாக் கட்டடத்திலும் மக்கள் தங்கள் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டார் அதைக் கதவு தட்டுவதாக நினைத்து 'யாரது?' என்று கேட்டார்கள். நகரமே தட்டுவதும் 'யாரது' என்று கேட்பதுமாக இருந்தது. இந்த வதந்தியை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று கழகத் தலைவர் ராஃபத் பே முடிவெடுத்தார். ஷவ்கியின் வீட்டுக்கே நேரில் வந்து, கேமராக்களின் முன்னால், கழகத்தின் சொந்தச் செலவில், கெட்டிச் சுவருக்கான ஆணியாலேயே அந்தக் கம்பியை மாட்டி வைப்பார். நாள் செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது என்று ஷவ்கி காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தான். தலைவருக்கு அன்றைக்குத்தான் முடிவெட்டு நல்லபடியாக இருக்கும் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆட்கள் வந்து சுவரில் ஓட்டை இருந்த இடத்தைச் சுண்ணாம்பால் பூசி மெழுகி, வெள்ளையடித்து, கம்பியின் முனையை நாலு பெரிய ஆணியால் அறைந்துவிட்டுப் போனார்கள். ஆணி அறையும்போது ஸக்கியின் பக்கத்தில் என்னென்னவோ விழுந்தன. நீலத் திரையை மடித்துச் சிவப்பு நாடாவால் கட்டினார்கள். பிறகு தலைவர் வந்தார். கூடவே பதினைந்து பேர். அவரது படமும் வந்தது, அதன் பின்னால் ஷஹாத்தாவும். குளியலறையில் வேறு இடமில்லாததால் ஷஹாத்தா படத்தைத் தூக்கிக்கொண்டு ஷவருக்கு நேர் கீழே மூலையில் நின்றார். குழாய் சொட்டுச் சொட்டாக அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"என் மக்களே! நம்ம சுவர் காலியா இருக்குன்னு சில பேர் பேசறாங்க. நான் கேக்கறேன், உள்ள போய்ப் பாத்தாங்களா? நாங்க கட்டும்போது பாத்தோம். அதுல ஒண்ணும் இல்ல. அதாவது, அந்தப் பேச்சுல ஒண்ணும் இல்ல." பின்னாலிருந்து கைதட்டல் வந்தது. "இந்த நகரத்துல முப்பதாயிரம் வீடு கட்டியிருக்கேன். ஒரு வீட்ல கூட நான் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. ஏன்? எனக்குப் பாரபட்சம் வந்துடக் கூடாதுன்னுதான். இந்தச் சுவரை எழுப்பினது என் மச்சினன். தெரியாத ஆளுக்குக் கொடுத்திருந்தா என்ன கட்டினான்னு எனக்குத் தெரியாமப் போயிருக்கும். மச்சினன்கறதால கேக்க வேண்டிய அவசியமே வரல. இதைத்தான் நம்பிக்கைன்னு சொல்வாங்க. சிமெண்ட் காலப்போக்குல உதிர்ந்துடும். நம்பிக்கை உதிராது. அதனால நாங்க சிமெண்ட்டைக் குறைச்சு நம்பிக்கையைக் கூட்டினோம்!"

இன்ஜினியர் மம்தூஹ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே லாரி ஹாரன் அடித்தது. அதைத் தொடர்ந்து பெண்களின் குலவைச் சத்தம். ஷவ்கி ஜன்னல் வழியாகப் பார்த்தான். பீரோ, கட்டில், சுருட்டிய மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலே நஜ்லாவின் இரண்டு சித்திகள். ஹஜ்ஜா இக்பால் ஏற்கனவே படியேறிக்கொண்டிருந்தார். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தார். பின்னால் நஜ்லா.

"யாரு இவங்கல்லாம்? குளிக்கற இடத்துல பூட்ஸ் காலோட?"

தலைவர் கேமராக்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "வாங்க ஹஜ்ஜா! உங்க மாப்பிள்ளைக்கு நாங்களே கம்பி மாட்டிக் கொடுத்திருக்கோம்."

"மாட்டினது இருக்கட்டும். நகருங்க, இழுத்துப் பாக்கணும்."

இன்ஜினியர் மம்தூஹ் குறுக்கே வந்தார். "ஹஜ்ஜா, இது பார்வைக்கு வெச்சிருக்கற கம்பி. தொடக் கூடாது. பெயிண்ட் காயல."

"என் பொண்ணு வழுக்கி விழும்போது பெயிண்ட் காஞ்சுதான்னு கேட்டுட்டு விழுவாளா?"

"கெட்டிச் சுவர்ல யாரும் வழுக்க மாட்டாங்க ஹஜ்ஜா."

ஹஜ்ஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலிக் கால்களைப் பார்க்கிற பார்வை. அந்த மனிதரை இழுத்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை என்று முடிவு செய்தவர் போல அவரைத் தாண்டிப் போய், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். முறிந்து கூடிய மணிக்கட்டில் பாரம் விழாமல் உடம்பைச் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தார்.

கம்பியின் முனை வந்தது. அதோடு நாலு ஆணி வந்தன. ஆணியோடு சுண்ணாம்பு வந்தது. சுண்ணாம்போடு செங்கல் என்ற பெயரில் வைத்திருந்த நாலைந்து ஓட்டைப் பெட்டிகள் வந்தன. வெள்ளைத் தூசி அடங்கியபோது சுவரில் ஒரு பயணப் பெட்டி அளவுக்குத் திறப்பு இருந்தது. அதனுள்ளே சிமெண்ட் சாக்கின் காகிதக் கசங்கல், ஒரு தேநீர்க் குவளை, யாரோ ஒரு வேலைக்காரரின் ஒற்றைச் செருப்பு, ஷவ்கி தொலைத்த பிளாஸ்டிக் பிளக். அதற்கு அப்பால், கன்னத்தில் சவர நுரையோடு ஸக்கி.



"நடைமேடையில இவ்வளவு கூட்டமா?" என்றார் ஸக்கி.

இன்ஜினியர் மம்தூஹ்தான் முதலில் தெளிந்தார். விரலை நீட்டிக் கத்தினார். "அதோ! சுவருக்குள்ள குடியிருக்கறவன்! சொன்னேன்ல? பிடிச்சுட்டோம்!"

"சார், அவருக்குப் பின்னால அவர் வீட்டுக் கதவு தெரியுது" என்றான் ஷவ்கி.

"கதவு வேற வெச்சுக் கொடுத்திருக்கீங்களா!"

ஆனால் தலைவர் ராஃபத் பே தலைவரானது சும்மா இல்லை. கேமராக்கள் திரும்புவதற்குள் அவர் முகத்தில் புன்னகை திரும்பிவிட்டது. கீழே விழுந்து கிடந்த திரையின் சிவப்பு நாடாவை எடுத்துத் திறப்பின் குறுக்கே பிடித்தார். யாரோ ஒருவர் கத்தரிக்கோல் நீட்டினார்.

"விடியல் நகரத்தின் முதலாவது அயலார் ஜன்னலை மகிழ்ச்சியோடு திறந்து வைக்கிறேன்! இப்படி ஒரு வசதி வேற எந்த நகரத்துலயும் இல்ல. சுவர் கெட்டியா இருந்தாத்தான் அதுல ஜன்னல் வைக்க முடியும்கறதை எல்லாரும் கவனிக்கணும்!"

நாடா அறுந்தது. கைதட்டினார்கள். ஸக்கியும் பழக்க தோஷத்தில் தட்டினார். அடுத்த நிமிடம் பதினைந்து பேரும் படியில் இறங்கிப் போய்விட்டார்கள், யாரும் சுவரைத் தொட்டுவிடாமல் ஒற்றை வரிசையில். உள்வாடகைப் பேச்சும் அவர்களோடு இறங்கிப் போயிற்று.

ஹஜ்ஜா இக்பால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். கம்பி முனை இன்னும் அவர் கையில் இருந்தது. கீழே லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

"அம்மா" என்றாள் நஜ்லா.

"நான் ஒண்ணும் சொல்லல. கம்பிதான் சொல்லிடுச்சு."

"சுவர் அவங்க கட்டினது. கம்பி அவங்க மாட்டினது. ஷவ்கி என்னம்மா பண்ணுவான்?"

"குத்தம் யார் மேலன்னு பாத்தா எலும்பு முறியுது?" ஹஜ்ஜா மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "விழுந்த அன்னிக்கு நான் ஒரு திரையைத்தான் பிடிச்சேன். அது கையோட வந்துச்சு. தரையில கிடக்கும்போது கையில அந்தத் திரை இருந்துச்சு. பூப்போட்டது. அந்தப் பூ இன்னும் கண்ணுல நிக்குது."

ஷவ்கியின் மூக்குக் கண்ணாடியில் வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். விளிம்பில்லாத கண்ணாடி, அவன் கையால் செய்தது. துடைத்த விரல் ஓரத்திலிருந்த சின்னத் திருகாணியில் பட்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு கழுதை" என்றான்.

"அதை நான் ஏத்துக்கிட்டுத்தான் பொண்ணு கொடுக்கறேன்" என்றார் ஹஜ்ஜா. "இப்ப எதுக்கு சொல்ற?"

"மாமி, இந்தக் கண்ணாடியில திருகாணி பிடிக்காது. மெல்லிசு, உடைஞ்சு போகும். அதனால நாங்க கண்ணாடியைப் பிடிக்கச் சொல்றதே இல்ல. துளை போட்டு அந்தப் பக்கம் விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வெச்சு நட்டால இறுக்குவோம். கண்ணாடி நடுவுல சும்மா இருக்கும். தினமும் இதைத்தான் பண்றேன்." அவன் சுவரைப் பார்த்தான். "இவ்வளவு நாளா நான் இந்தச் சுவரைச் சுவர்னு நம்பிக்கிட்டு இருந்துட்டேன். ஸக்கி ஐயா!"

"கேக்குது" என்றார் ஸக்கி. "பாக்கவும் முடியுது."

"உங்க பக்கம் ஒரு பலகை வெக்கணும். எங்க பக்கம் ஒண்ணு. நீள போல்ட் நாலு ரெண்டையும் சேர்த்து இறுக்கிடும். உங்க சம்மதம் இல்லாம முடியாது."

"என் பக்கத்துப் பலகையில துண்டு மாட்ட ஒரு கொக்கி வேணும். அதான் என் நிபந்தனை."

பீரோவைச் சுற்றி அடித்து வந்த தடிமனான பலகை லாரியில் இருந்தது. ஹஜ்ஜா அதை இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்று அனுமதித்தார். லாரியின் பின்கதவை மூடும் நீள போல்ட்டுகளை லாரிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். காவலாளியிடம் கேட்டு டிரில்லும் வந்தது, இன்னொரு பேரீச்சம்பழத்தோடு. பலகைகள் திறப்பை மூடி, அதைத் தாண்டி நாலு பக்கமும் நல்ல சுவரில் படிகிற அளவுக்குப் பெரியவை. இந்தப் பக்கம் ஷவ்கி ஸ்பேனரைத் திருப்ப, அந்தப் பக்கம் ஸக்கி நட்டைப் பிடித்துக்கொண்டார். நஜ்லா கண் மை கலைய, திறப்பு மூடுகிற வரைக்கும் வாஷர்களை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மகளே, மெதுவா. என் கண்ணாடியைத் தட்டிவிட்டுட்டீங்க."

"உடைஞ்சுதா?"

"உடைஞ்சா என்ன? மாப்பிள்ளை கடையில புதுசு ஒண்ணு சும்மா கிடைக்கும்."

கடைசி நட்டும் இறுகியது. கம்பியின் முனையைப் பலகையில் திருகி முடித்தான். நீலத் திரையை மாட்டினான். ஒதுங்கி நின்றான். அவன் கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹஜ்ஜா எழுந்து வந்தார். கம்பியைப் பிடித்தார். ஓர் இழுப்பு. அப்புறம் இன்னொன்று, முழு உடம்பாலும். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் அந்தரத்தில் தொங்கினார்.

"ஹஜ்ஜா!" என்று சுவர் சொன்னது. "என் துண்டு ஆடுது."

ஹஜ்ஜா கண்ணைத் திறக்காமல் கேட்டார். "துண்டு மட்டும்தானா?"

"துண்டு மட்டும்தான்."

ஹஜ்ஜா தரையில் கால் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது சுண்ணாம்புத் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார். ஜன்னலுக்குப் போய், "பீரோவை இறக்குங்கடா!" என்று கத்தினார். கீழே சித்திகள் குலவையிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸக்கியும் ஒன்று இட்டுப் பார்த்தார். அது ரயில் ஊதியது போல் இருந்தது.

எல்லோரும் கட்டிலைப் பிடிக்கக் கீழே ஓடிய பிறகுதான், கம்பியில் திரையை இழுத்துவிட வந்த ஷவ்கி மூலையில் பொன்னிறச் சட்டத்தைப் பார்த்தான். பத்து விரல் தெரிந்தது. ஷஹாத்தாவைத் தலைவரோடு சேர்த்து அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குழாய் சொட்டி அவர் முழுக்க நனைந்திருந்தார்.

"நீங்க இன்னும் போகலையா?"

"இறக்குன்னு யாரும் சொல்லலையே." படத்தின் பக்கவாட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அது பலகையையே வெகுநேரம் பார்த்தது. "உஸ்தாத், இது நிஜமாவே தானா நிக்குதா? யாரும் பிடிச்சுக்காம?"

"யாரும் பிடிச்சுக்க வேண்டாம். உங்க படத்தைக்கூட இதே மாதிரி மாட்டிடலாம். ரொம்பச் சுலபம். முதல்ல ஒரு பலகை..."

"வேணாம் உஸ்தாத்!" தலை சட்டென்று படத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டது. "சொல்லிடாதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அதுங்க கல்யாணத்துக்கு எங்க ஆபீஸ் காலிச் சுவரைத்தான் நம்பியிருக்கேன்."